பால் கணக்கும் வாடகையும்

"கொரோனா சமயத்துல கவர்மென்ட் ஆளுங்களுக்கு என்ன சார், பாதி நாள் வேலை, முழுச் சம்பளம்." சென்னைப் புறநகர் அஸ்தினாபுரத்தில் இந்தப் பேச்சு காதில் விழாமல் ஒரு டீயைக் குடித்து முடிப்பது சிரமம். இந்தப் பக்கத் தெருக்களில் ரயில்வே, தாலுகா ஆபீஸ், மின்வாரியம், பள்ளிக்கூடம் என்று ஏதாவதொரு சர்க்கார் சம்பளமோ பென்ஷனோ வருகிற வீடு நிறைய. அதற்கு அடுத்த வீட்டிலேயே குரோம்பேட்டையில் கடை வைத்திருப்பவரும், தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் ஷிப்ட் பார்ப்பவரும் குடியிருப்பார்கள். 2020 ஏப்ரலில் முதல் வீட்டுக்குப் பணம் வந்தது, இரண்டாவது வீட்டுக்கு வரவில்லை. அந்த ஆற்றாமை நியாயமானது. அந்தப் பேச்சில் இருக்கிற கணக்குதான் சரியில்லை. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

கேள்வி இதுதான். ஊரில் ஒரு பேரிடர் வருகிறது, அரசின் கையில் காசு குறைகிறது. ஊழியர்களில் சிலரை வீட்டுக்கு அனுப்பலாம். அல்லது யாரையும் அனுப்பாமல் எல்லோருடைய வேலை நேரத்தையும் கொஞ்சம் குறைத்து, அதற்கேற்பச் சம்பளத்தையும் குறைக்கலாம். இரண்டாவது வழி கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. உலகத்தில் பல இடங்களில் செய்திருக்கிறார்கள். நம் ஊரில் ஏன் செய்யவில்லை? செய்தது போலத் தெரிந்ததே, அது என்ன?

முதலில், காசு எப்படிக் குறைகிறது என்று பார்த்துவிடுவோம். எல்லாப் பேரிடரும் ஒரே மாதிரி கஜானாவைத் தாக்குவதில்லை. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது; முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடிக்குப் போனவர்களைப் படகில் இறக்கினார்கள். அப்போது அரசுக்குச் செலவு எகிறியது. ஆனால் வரவு நின்றுபோகவில்லை. மற்ற மாவட்டங்களில் பெட்ரோல் விற்றது, பத்திரப்பதிவு நடந்தது, கடைகள் திறந்திருந்தன. 2020 அப்படியில்லை. பெட்ரோல் பங்க் வெறிச்சோடியது, சார்பதிவாளர் அலுவலகம் பூட்டிக் கிடந்தது, டாஸ்மாக் மார்ச் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை மூடியிருந்தது. மாநில அரசின் சொந்த வருமானம் பெரும்பாலும் இந்த மூன்று இடங்களிலிருந்தும் ஜிஎஸ்டியிலிருந்தும் வருவதுதான். நான்கும் ஒரே நேரத்தில் வற்றின.

அரிசி தர வேண்டும், மருத்துவமனையில் படுக்கை போட வேண்டும், வரவோ இல்லை. மாநில அரசால் நோட்டு அடிக்க முடியாது. கடன் வாங்கவும் வரம்பு உண்டு. அந்த ஆண்டு மே மாதம்தான் மத்திய அரசு அந்த வரம்பை, சில நிபந்தனைகளோடு, 3 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக உயர்த்தியது. பேரிடர் நிதி என்று ஒன்று தனியாக இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. அது இடிந்த வீட்டுக்கும் அழுகிய பயிருக்கும் இறந்த மாட்டுக்கும் இவ்வளவு என்று பட்டியல் போட்டுத் தரப்படும் பணம். தாசில்தார் ஆபீஸ் கிளார்க்கின் மாதச் சம்பளம் அந்தப் பட்டியலில் வராது. ஆகவே நிதித்துறைச் செயலாளர் கண்ணை மூடித் திறந்தால் முன்னால் நிற்பது சம்பளமும் பென்ஷனும்தான். வட்டியையும் சேர்த்தால், வருகிற வருமானத்தில் பாதிக்கு மேல் இந்த மூன்றுக்கே போய்விடும்.

இந்த நிலையில் மற்ற ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் இரண்டு பேரிடருக்கு இரண்டு விதமாக நடந்துகொண்டது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் நகரத்தை மூழ்கடித்தது. வரி கட்ட ஆளில்லை. அக்டோபர் முதல் வாரத்தில் மேயர் ரே நாகின் மாநகராட்சி ஊழியர்களில் 3,000 பேர் வரை நீக்கப்படுவார்கள் என்று அறிவித்தார். கிட்டத்தட்ட பாதிப் பேர். ஊர் திரும்பிவந்து குப்பை அள்ளவும் கட்டட அனுமதி கொடுக்கவும் ஆள் தேடியபோது அவர்களில் பலர் வெவ்வேறு மாநிலங்களில் இருந்தார்கள். 2020-இல் கொரோனாவில் சுற்றுலா படுத்து, அதே நகரத்தின் வருமானம் மறுபடி சரிந்தது. இந்த முறை இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் எல்லோருக்கும் கட்டாய விடுப்பு என்றார்கள். அந்த ஒரு நாளுக்குச் சம்பளம் கிடையாது. பத்து வேலை நாளில் ஒன்று போனால் பத்தில் ஒரு பங்கு சம்பளம் போயிற்று, ஆனால் வேலை போகவில்லை. ஜெர்மனியில் தனியார் கம்பெனிகளுக்கே இதற்கென்று ஒரு ஏற்பாடு வெகுகாலமாக உண்டு: நேரத்தைக் குறைத்துக்கொள், அதனால் இழக்கும் சம்பளத்தில் 60 சதவீதத்தை அரசு தரும், பிள்ளை இருந்தால் 67 சதவீதம். 2020 ஏப்ரலில் அங்கே சுமார் 60 லட்சம் பேர் அந்த ஏற்பாட்டில் இருந்தார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். எல்லோரும் தடுக்கி விழும் இடம் இங்கேதான் இருக்கிறது.

ஒரு குடும்பம் பத்து நாள் ஊருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பால்காரரிடம் சொல்லிவிட்டுப் போனால் மாதக் கடைசியில் பத்து நாள் பால் கணக்கில் கழிந்துவிடும். வீட்டுக்காரரிடம் போய், "பத்து நாள் வீடு பூட்டிக் கிடந்தது, வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள்" என்றால் என்ன சொல்வார்? வாடகை என்பது வீட்டில் எத்தனை மணி நேரம் இருந்தீர்கள் என்பதற்கு அல்ல, வீடு உங்கள் பெயரில் இருப்பதற்கு. நியூ ஆர்லியன்ஸ் ஊழியரின் சம்பளம் பால் கணக்கு. நாளைக் குறைத்தால் பணம் தானாகக் குறையும். காலமுறை ஊதியத்தில் இருக்கிற தமிழ்நாட்டு அரசு ஊழியரின் சம்பளம் வாடகை. அது பணியிடத்தோடு ஒட்டியது. அவரை வாரத்துக்கு மூன்று நாள் வந்தால் போதும் என்று சொன்னாலும், அரசுக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது.

அப்படியென்றால் 2020 மே 18 முதல் பாதிப் பேர் மட்டும் ஆபீஸ் வந்தார்களே, அது எதற்கு? அது கிருமிக்காகச் செய்தது, காசுக்காக அல்ல. ஊழியர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். திங்கள், செவ்வாய் ஒரு குழு. புதன், வியாழன் மறு குழு. வெள்ளி, சனி மறுபடி முதல் குழு. அடுத்த வாரம் முறை மாறும். நாற்காலிகளுக்கு நடுவில் இடைவெளி வேண்டும் என்பதுதான் நோக்கம். சனிக்கிழமையையும் வேலை நாளாக்கியதைப் பெரும்பாலானவர்கள் கவனிக்கவில்லை. செப்டம்பரில் எல்லோரும் முழுமையாக வரத் தொடங்கிய பிறகும் அந்தச் சனிக்கிழமை சில மாதம் நீடித்தது. 2021 ஜனவரியில்தான் ஐந்து நாள் வாரம் திரும்பியது. ஆக, டீக்கடையில் சொல்கிற "பாதி நாள் வேலை, முழுச் சம்பளம்" என்பது அந்தச் சில மாதங்களுக்குப் பார்வைக்குச் சரி. அதோடு கதை முடிந்தது என்று நினைப்பதுதான் தவறு. சம்பளத்தில் கை வைத்தார்கள். வேறு வாசல் வழியாக வைத்தார்கள்.

அந்த வாசலின் பெயர் அகவிலைப்படி. ஆபீஸ் பேச்சில் டி.ஏ. விலைவாசி ஏற ஏற, ஆண்டுக்கு இரண்டு முறை அடிப்படைச் சம்பளத்தின் மேல் சில சதவீதம் கூட்டித் தருவார்கள். மத்திய அரசு எந்த விகிதமோ பெரும்பாலும் தமிழ்நாடும் அதே விகிதம். 2020 தொடக்கத்தில் அது 17 சதவீதம். அந்த ஏப்ரலில் மத்திய அரசு 2020 ஜனவரியிலிருந்து தர வேண்டிய மூன்று தவணைகளை நிறுத்திவைத்தது. நான்கு நாளில் தமிழ்நாடும் அதையே செய்தது.

தெருவில் இருக்கிற பெரியவர் ஒருவர், கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இந்தக் கணக்கை காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டுவார். நாமும் போட்டுப் பார்க்கலாம். அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்திவைக்காமல் இருந்திருந்தால், 2020 ஜனவரியிலிருந்து 4 சதவீதம் கூடியிருக்கும்: மாதம் 1,600, ஆறு மாதத்துக்கு 9,600. ஜூலையில் இன்னொரு 3 சேர்ந்து 7 சதவீதம்: ஆறு மாதத்துக்கு 16,800. 2021 ஜனவரியில் 11 ஆகியிருக்கும்: ஆறு மாதத்துக்கு 26,400. மத்திய அரசு ஊழியருக்கு இழப்பு இத்தோடு நின்றது, ஜூலையிலிருந்து கொடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் 2022 ஜனவரியில்தான் 17-லிருந்து ஒரே தாவாக 31 சதவீதம் ஆயிற்று. ஆகவே 14 சதவீதத்துக்கு இன்னும் ஆறு மாதம், 33,600. கூட்டிப் பாருங்கள். 86,400 ரூபாய். நிலுவை என்று எதுவும் பிறகு தரவில்லை. போனது போனதுதான்.

இருபத்துநான்கு மாதத்துக்குப் பகிர்ந்தால் மாதம் 3,600 ரூபாய். அவர் அப்போது அடிப்படையும் டி.ஏ.வும் சேர்த்து வாங்கியது 46,800. ஒரு நாளைக்கு 1,560. மாதத்துக்கு இரண்டு நாள் சம்பளத்துக்கும் மேலே போயிருக்கிறது. நியூ ஆர்லியன்ஸ் ஊழியருக்குப் போனதும் மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டு நாள் சம்பளம்தான். அவருக்கு அந்த இரண்டு நாள் வீட்டில் கிடைத்தது. இவருக்குக் கிடைக்கவில்லை. குழு பிரித்த அந்தச் சில மாதம் போக, நேரம் குறையாமல் பணம் மட்டும் குறைந்தது. நம் ஊர்க்காரர்கள் நேரம் குறைந்ததைத்தான் பார்த்தார்கள். சம்பளப் பட்டியலைப் பார்த்தவர் அந்த வீட்டு அம்மா ஒருவர்தான்.

இன்னொரு வாசல், சரண்டர். எடுக்காத ஈட்டிய விடுப்பில் ஆண்டுக்குப் பதினைந்து நாளை அரசிடம் ஒப்படைத்துப் பணமாக வாங்கிக்கொள்வது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு அதை நம்பியிருந்த குடும்பங்கள் ஏராளம். 2020 ஏப்ரலில் ஓராண்டுக்கு நிறுத்தினார்கள். ஆட்சி மாறியது, கொரோனா போனது, அந்த ஓராண்டு மட்டும் முடியவே இல்லை. 2025 அக்டோபர் 1 முதல் மீண்டும் உண்டு என்று அறிவிப்பு வந்தது. தற்காலிகம் என்று அரசாணை சொன்னால் எந்தத் தேதி வரை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவது வாசல் கொஞ்சம் சாமர்த்தியமானது. 2020 மே மாதம் ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆக்கினார்கள், அடுத்த பிப்ரவரியில் 60. பார்த்தால் ஊழியருக்குச் செய்த உபகாரம் மாதிரி இருக்கும். யோசித்துப் பாருங்கள்: ஒருவர் ஓய்வு பெறுகிற மாதம் அவருக்குப் பணிக்கொடை, மிச்ச விடுப்புக்கான பணம், பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவராக இருந்தால் பென்ஷனின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்ளும் தொகை என்று எல்லாம் சேர்ந்து லட்சக்கணக்கில் கொடுத்தாக வேண்டும். அவரை இன்னும் ஓராண்டு உட்காரவைத்தால் மாதச் சம்பளம் மட்டும்தான் செலவு. பெரிய தொகை தள்ளிப்போகும். அதே மே மாதம் புதிய பணியிடங்கள் உருவாக்கவும் தடை போட்டார்கள். தாம்பரத்தில் டிஎன்பிஎஸ்சி கோச்சிங் சென்டர் படியேறிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு இதன் அர்த்தம் உடனே புரிந்தது. உள்ளே இருந்தவர் யாரும் வெளியே அனுப்பப்படவில்லை. வெளியே நின்றவர்களுக்குக் கதவு தாமதமாகத் திறக்கும். இதையும் ஒரு வகை ஆட்குறைப்பு என்றுதான் நான் சொல்வேன், யாருடைய பெயரும் எழுதாத ஆட்குறைப்பு.

மற்ற சில தென் மாநிலங்கள் இவ்வளவு சுற்றி வளைக்கவில்லை, நேராகச் சம்பளத்திலேயே கை வைத்தன. தெலங்கானா 2020 மார்ச் கடைசியில் முதல்வர், அமைச்சர்களுக்கு 75 சதவீதம், ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுக்கு 60, மற்ற ஊழியர்களுக்கு 50, கடைநிலை ஊழியர்களுக்கு 10 என்று படிப்படியாகப் பிடித்தது. அந்தப் படிநிலையில் ஒரு நியாயம் இருக்கிறது, டி.ஏ. நிறுத்தத்தில் அது இல்லை, அலுவலக உதவியாளருக்கும் துறைச் செயலாளருக்கும் அதே சதவீதம்தான். கேரளம் மாதத்துக்கு ஆறு நாள் சம்பளம், ஐந்து மாதம் என்று ஒத்திவைத்தது. உயர் நீதிமன்றம், எந்தச் சட்டத்தின்படி என்று கேட்டு ஏப்ரல் 28-ஆம் தேதி தடை போட, இரண்டே நாளில் அவசரச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஆந்திரம் மார்ச், ஏப்ரல் சம்பளத்தில் பாதியை நிறுத்தியது. ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர் வழக்குப் போட்டார். 12 சதவீத வட்டியோடு திருப்பிக் கொடு என்றது உயர் நீதிமன்றம். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வட்டியை 6 ஆகக் குறைத்தது, ஆனால் வேலை செய்ததற்கான சம்பளம் ஊழியரின் உரிமை, தாமதித்தால் வட்டி தரத்தான் வேண்டும் என்பதை மாற்றவில்லை. வாடகை பாக்கிக்கு வட்டி என்று வைத்துக்கொள்ளுங்களேன். தமிழ்நாடு போன டி.ஏ. வழியின் வசதியும் இதில் தெரிகிறது: வேலை செய்து ஈட்டிய சம்பளத்தைத் தொட்டால் கோர்ட்டு, இன்னும் அறிவிக்காத உயர்வை நிறுத்தினால் அவ்வளவு சிக்கல் இல்லை.

இலங்கை 2022-இல் செய்தது இன்னொரு விதம். பெட்ரோலுக்கு மைல் கணக்கில் வரிசை நின்ற அந்த ஜூன் மாதத்தில், அரசு ஊழியர்களுக்கு மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். வண்டி எடுக்க வேண்டாம், வீட்டுத் தோட்டத்தில் ஏதாவது பயிரிடுங்கள் என்றார்கள். சம்பளத்தைக் குறைக்கவில்லை. ஆகவே மிச்சமானது எரிபொருள், காசு அல்ல. காசுக்கு வேறு வழி வைத்தார்கள்: சம்பளமில்லா விடுப்பில் ஐந்து ஆண்டு வரை வெளிநாடு போய்ச் சம்பாதித்துவிட்டு வரலாம், பணி மூப்பு கெடாது. நேரம் பூஜ்யம், சம்பளம் பூஜ்யம், பணியிடம் பத்திரம். யோசித்துச் செய்த காரியம்தான். திறமையானவர்கள்தான் முதலில் கிளம்புவார்கள் என்பது அதில் இருக்கிற ஓட்டை.

இவ்வளவும் பேசிய பிறகு நியாயமாக ஒரு கேள்வி வர வேண்டும். பேரிடர் சமயத்தில் அரசு வேலை குறையுமா, கூடுமா? பத்திரப்பதிவு அலுவலகத்தில் குறையும். குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் கூடும். விஏஓ ராத்திரி ஏரிக்கரையில் நிற்பார். தூய்மைப் பணியாளர் வெள்ளம் வடிந்த தெருவில் சேற்றில் ஊறிய மெத்தைகளை அள்ளுவார். இரண்டு பேருக்கும் நேரம் இரட்டிப்பாகும். எல்லோருக்கும் பத்து சதவீதம் நேரக் குறைப்பு என்று தாளில் எழுதினால், உண்மையில் குறைவது சிலருக்குத்தான். மீதிப் பேருக்குச் சம்பளம் மட்டும் குறையும். அதனால்தான் இந்த யோசனையை முன்வைக்கிறவர்களிடம் எந்தத் துறையில் என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

சரி, தமிழ்நாட்டு அரசில் பால் கணக்குக்காரர்களே இல்லையா? இருக்கிறார்கள். 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர் பணியிடங்களை உருவாக்கினார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். 2021-இல் அது 10,000 ஆனது. மே மாதம் பள்ளிக்கு விடுமுறை, அப்போது அவர்களுக்குச் சம்பளமும் கிடையாது என்றிருந்தது. டி.ஏ. இல்லை, ஆகவே 2020-இல் நிறுத்திவைக்கவும் எதுவும் இருக்கவில்லை.

பேரிடருக்காகவே எடுத்தவர்கள் இன்னொரு பக்கம். 2020-இல் கொரோனா வார்டுகளுக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக ஆறு மாத ஒப்பந்தத்தில் செவிலியர்களை எடுத்தார்கள். உடல் முழுக்கக் கவச உடை போட்டுக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் ஷிப்ட் பார்த்தவர்கள். ஒப்பந்தம் ஆறு ஆறு மாதமாக நீண்டுகொண்டே வந்தது. 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தது, மறுபடி நீட்டிக்கவில்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். 2023 புத்தாண்டு அவர்களுக்குப் போராட்டப் பந்தலில் பிறந்தது. மாற்றுப் பணி தருகிறோம் என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள். அதுவும் ஒப்பந்தப் பணிதான். இதை யாரும் வேலைநீக்கம் என்று பதிவு செய்யவில்லை, ஒப்பந்தக் காலம் முடிந்தது என்றுதான் கோப்பில் இருக்கும்.